பாஸ் போட்ட ஆட்டம்

பிப்ரவரி 17, திங்கள்

ஃபோரத்தில் காலையிலிருந்து சண்டை. கேசட் ஓடாதபோது வாயால் ஊதினால் ஓடுமா, இல்லை ஊதி ஊதியே துருப்பிடித்துப் போகுமா என்று. 'சேலம் சிவப்பு' ஊதுவதெல்லாம் மூடநம்பிக்கை என்கிறார். தன் தாய்மாமா ஊதி ஓடாத கேசட்டே கிடையாது என்கிறார் 'தக்காளி சோறு'. இரண்டு பேருக்கும் நாற்பது தாண்டியாயிற்று. நான் அட்மின் என்பதால் நடுவில் புகுந்து, "ஊதுறவங்க ஊதுங்க, மத்தவங்க துணியால துடைங்க" என்று எழுதிவிட்டு மருத்துவமனையில் என் எக்ஸ்ரே அறைக்குப் போனேன். வெளியே இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டா காத்திருந்தார்.

'கேசட் போடு' என்ற இந்த ஃபோரத்தை டிவியில் செருகி ஆடும் பழைய கேம்களைப் பற்றிப் பேசத்தான் ஆரம்பித்தேன். இப்போது பாதிப் பேச்சு மாவு பொங்கவில்லை, கேஸ் வரவில்லை, மகளுக்குக் காய்ச்சல் என்றே ஓடுகிறது. அதற்காக 'சும்மா' என்று தனியாக ஒரு பகுதி திறந்து விட்டிருக்கிறேன்.

புதிதாக ஒருவர் சேர்ந்திருக்கிறார். பெயர் 'ஒத்தை நண்டு'. அடாப்டர் சூடாகிவிடும் என்று அதன்மேல் ஈரத்துணி போட்டுவிட்டு ஆடியதைப் பற்றி எழுதியிருந்தார். எங்கள் வீட்டிலும் அதேதான். தம்பி பிரிட்டோதான் துணியை நனைத்துக்கொண்டு வருவான். அதையெல்லாம் செய்துவிட்டு நாம் உயிரோடு இருப்பதே அதிசயம் என்று பதில் போட்டேன்.

சாயங்காலம் விண்ணரசி வந்தாள். பிரிட்டோவின் மனைவி. ஒரு அரபுநாட்டுத் துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கிப்போன என் தம்பியைப் பற்றி ஒரு சேதியும் இல்லாமல் ஏழு வருசமாகிறது. விண்ணரசி இப்போது அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். ஐஸ் பிளான்ட்டில் வேலை பார்க்கும் தொம்மை அவளைக் கேட்கிறாராம். அவரும் மனைவியை இழந்தவர்தான். கோயிலில் கல்யாணம் வைக்க வேண்டுமென்றால், பிரிட்டோவிடமிருந்து எந்தத் தகவலும் இல்லையென்று நானும் அம்மாவும் வந்து ஃபாதர் முன்னால் சொல்ல வேண்டுமாம்.

"ஒரு நாள் வாங்க மைனி" என்றாள்.

வருகிறேன் என்று சொன்னேன். போனால் என்ன.

பிப்ரவரி 19, புதன்

தண்ணீர் வரவில்லை. லாரிக்குச் சொன்னேன்.

பிப்ரவரி 22, சனி

ஒத்தை நண்டு இன்று எழுதியது. அப்படியே எடுத்து வைக்கிறேன்.

"எங்க வீட்ல சாயங்காலம் ஜெபமாலை. அம்மா மணி அடிச்சா ஆட்டத்தைப் பாஸ் போட்டுறணும். டிவியை அணைக்க மாட்டோம், சத்தத்தை மட்டும் குறைச்சிருவோம். அணைச்சா திரும்ப முதல்லயிருந்து ஆடணும்ல. அருள் நிறைந்த மரியேன்னு சொல்லிக்கிட்டே ஓரக்கண்ணால திரையில நிக்கிற டேங்கைப் பாத்துக்கிட்டு இருப்பேன். அக்கா ரெண்டாவது கன்ட்ரோலர் ஒயரைக் கடிச்சுக்கிட்டே ஜெபம் சொல்லுவா. அதுல பல்லுத்தடம் இருக்கும்."

'தக்காளி சோறு' கீழே சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார். இன்னொருவர், "எங்க வீட்ல அந்த நேரம் சீரியல் பாஸ்" என்று எழுதியிருந்தார்.

எங்கள் வீட்டு இரண்டாவது கன்ட்ரோலர் ஒயரிலும் என் பல்லுத்தடம் இருக்கிறது. ஒரு பையனின் முழங்கையை இரண்டு தடவை தப்பாகப் படம் எடுத்து, மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது. அவன் அம்மா என்னை முறைத்தாள். முறைக்கட்டும்.

பிப்ரவரி 24, திங்கள்

இந்தக் கடற்கரை முழுக்க ஜெபமாலை சொல்லும் வீடுகள்தான். எல்லா வீட்டிலும் ஒரு அக்கா இருப்பாள். ஒயரைக் கடிக்காத பிள்ளை எந்த ஊரில் இருக்கிறது? நான் கிறுக்கச்சி மாதிரி யோசிக்கிறேன்.

மத்தியானம் சாப்பிடும்போது ஒத்தை நண்டின் பழைய பதிவுகளையெல்லாம் எடுத்துப் படித்தேன். பலூன் கேமில் கீழே தண்ணீரிலிருந்து மீன் வந்து கடிக்கும், அதற்குப் பயந்து மேலேயே பறந்துகொண்டு இருந்ததை எழுதியிருக்கிறார். கேசட்டில் ஆயிரம் கேம் என்று போட்டிருக்கும், போட்டுப் பார்த்தால் அதே ஏழெட்டுதான் பெயர் மாற்றித் திரும்பத் திரும்ப வரும் என்றும். இதெல்லாம் யாரும் எழுதக்கூடியது.

"மீன் நம்மள இழுத்துட்டுப் போனா ஒரு சத்தம் வருமே, அது இப்பவும் சில சமயம் கேக்குது" என்று முடித்திருக்கிறார். அந்த வரியைத் திரும்ப ஒருமுறை படித்தேன்.

மார்ச் 2, ஞாயிறு

'சும்மா'வில் இன்று என்ன சாப்பாடு என்ற பேச்சு. சேலத்தில் மட்டன். 'தக்காளி சோறு' வீட்டில் தக்காளி சோறு இல்லை, லெமன் சோறு. ஒத்தை நண்டு "நோன்புக் கஞ்சி, கடிச்சுக்க இறால் வாடா" என்று எழுதியிருந்தார்.

அதனால் என்ன. நோன்பு மாதம் பிறந்துவிட்டால் பள்ளிவாசலில் எல்லாருக்கும்தான் கஞ்சி கொடுப்பார்கள். சின்ன வயதில் பிரிட்டோவும் நானும் தூக்குவாளியோடு போய் வாங்கி வந்திருக்கிறோம். கப்பல்காரனுக்கு எங்கே போனாலும் எல்லாச் சாப்பாடும் பழகிவிடும்.

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.

பூசை முடிந்து வாசலில் விண்ணரசி நின்றிருந்தாள். தவக்காலம் முடிந்து ஈஸ்டருக்குப் பிறகுதான் கல்யாணம் வைக்க முடியும், அதற்கு இப்போதே ஃபாதரிடம் சொல்லியாக வேண்டும் என்றாள். "இன்னைக்கு மாமியும் வந்திருக்காவ, அஞ்சு நிமிசம்தான் மைனி."

எனக்கு டியூட்டி என்றேன். டியூட்டி மத்தியானம்தான் ஆரம்பம். அது அவளுக்கும் தெரியும் என்று நினைக்கிறேன். அவள் என் அம்மாவின் கையைப் பிடித்துப் படியிறக்கினாள்.

மார்ச் 8, சனி

இன்று ஃபோரத்தில் ஒரு கேள்வி போட்டேன். டேங்க் கேமில் கீழே செங்கல் சுவருக்குள் ஒரு பறவை இருக்குமே, அதைச் சுட்டுவிட்டால் ஆட்டம் முடிந்துபோகுமே, அதற்கு உங்கள் வீட்டில் என்ன பெயர்?

கழுகு என்றார்கள். வாத்து என்றார்கள். சேலம் சிவப்பு புறா என்றும், வேறொருவர் இட்லிப் பானை என்றும் சொன்னார். ஏன் இட்லிப் பானை என்று அதற்கு ஒரு தனிச் சண்டை.

சாயங்காலம் நாலு மணிக்கு ஒத்தை நண்டு வந்தார்.

"உபதேசியார். ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு நிக்கிறதுனால அந்தப் பேரு."

கோயிலில் ஃபாதருக்கு உதவியாக இருந்த எங்கள் தெரு உபதேசியார் ஜெபம் சொல்லும்போது இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்பார். அந்தப் பெயரை வைத்தது பிரிட்டோ. அம்மாவுக்குத் தெரிந்தால் அடிப்பாள் என்று எங்கள் இரண்டு பேருக்குள்ளேயே வைத்திருந்தோம். விண்ணரசிக்குக்கூடத் தெரியாது.

மார்ச் 9, ஞாயிறு

இறால் வாங்கினேன். பிரிட்டோவின் அறையைக் கூட்டி, மெத்தையை மாடியில் வெயிலில் போட்டேன்.

"யாரு வாரா?" என்று அம்மா கேட்டாள்.

"ஒருத்தரும் இல்ல. பூச்சி வந்துரும்லா."

அம்மா அறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உள்ளே போய் ஒரு தலையணை உறையை எடுத்து வந்து, "இதையும் தோய்ச்சுப் போடு" என்று கொடுத்தாள்.

மார்ச் 11, செவ்வாய்

ஒத்தை நண்டுக்குத் தனிச்செய்தி அனுப்பினேன். நிறைய எழுதி, எல்லாவற்றையும் அழித்துவிட்டு, கடைசியில் ஒரே வரி:

"எங்கல இருக்க?"

மார்ச் 12, புதன்

பதில் இல்லை.

மார்ச் 13, வியாழன்

செய்தியைப் பார்த்துவிட்டதாகக் காட்டுகிறது. அதன்பின் ஃபோரத்துக்கும் வரவில்லை. 'தக்காளி சோறு' மகள் பரீட்சை எழுதப் போகிறாளாம், எல்லாரும் வாழ்த்தியிருக்கிறார்கள். நானும் வாழ்த்தினேன்.

பயந்திருப்பான். கப்பலை விட்டு ஓடியவனுக்குக் கேஸ் இருக்கும். நம் ஊருக்குள் எங்கேயோ ஒளிந்து இருக்கிறான். அப்படி இருக்கிறவனிடம் அவசரப்பட்டுக் கேட்டிருக்கக் கூடாது. இன்று வேலை முடிந்து வரும்போது பழைய பஸ் ஸ்டாண்டில் ஒருவன் பின்பக்கமாக நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான். அவன் திரும்புகிற வரைக்கும் நானும் நின்றேன்.

மார்ச் 15, சனி

அம்மா கோயிலுக்குப் போன நேரமாகப் பார்த்து விண்ணரசி வந்தாள். உட்காரவில்லை.

"மைனி, உங்களுக்கு இஷ்டம் இல்லன்னா இல்லன்னு சொல்லிருங்க."

"இஷ்டம் இல்லன்னு யாரு சொன்னா?"

"சொல்லல. வரவும் மாட்டேங்கீங்க. டியூட்டின்னு சொல்லுதீங்க, காய்ச்சல்னு சொல்லுதீங்க. தொம்மை ஒண்ணும் கேக்கல. நான்தான் தெருவுல அவுக முகத்தப் பாக்க முடியாம வேற பக்கமாப் போறேன்."

நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். நிறுத்தவில்லை.

"கொஞ்ச நாள் பொறு விண்ணரசி."

"எதுக்கு?"

"ஒருவேளை அவன்..."

"அவுக வந்தா மொதல்ல சந்தோசப்படுறது நான்தான் மைனி. செருப்புச் சத்தம் கேட்டா இன்னும் வாசலத்தான் பாக்கேன். கறிக்கொழம்பு வச்சா கையி அதுவாவே ஒரு துண்ட ஒதுக்கி வைக்கி. எனக்கு முப்பத்தஞ்சாவுது. இப்படியே பாத்துக்கிட்டு இருக்க எனக்குப் பயமா இருக்கு."

அவள் குரல் உயரவே இல்லை. என் அலமாரிக்கு மேலே இருந்த கேம் பெட்டியை அப்போதுதான் பார்த்தாள். அவன் அறையிலிருந்து எடுத்து வந்து துடைத்து வைத்திருந்தேன்.

"இது எதுக்கு வெளிய இருக்கு?"

"தூசி தட்டினேன்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் முறத்தைப் பார்த்தேன். அவள் போன பிறகுதான் தெரிந்தது, புடைத்த அரிசியையே மறுபடியும் புடைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

மார்ச் 19, புதன்

மத்தியானம் பதில் வந்தது. "நீங்க ஒயரைக் கடிக்கிற அக்காவா? போன் நம்பர் குடுங்க. தயவுசெஞ்சு."

கொடுத்தேன். ஈய ஏப்ரனோடு மருத்துவமனைப் பின்பக்கம் ஜெனரேட்டர் பக்கத்தில் போய் நின்றேன். போன் வந்தது. எடுத்தவுடனே "பிரிட்டோ" என்றேன்.

அந்தப் பக்கம் வேறு யாரோ ஒரு ஆண் சொன்னார். "அவன் பேரு பிரிட்டோவா அக்கா?"

அவர் பெயர் கலந்தர். தொண்டிப் பக்கம். அவர் சொன்னதை மாற்றாமல் எழுதப் பார்க்கிறேன். இன்றைக்கு வேண்டாம். நாளைக்கு.

மார்ச் 21, வெள்ளி

அந்தக் கப்பலை அதன் முதலாளி அப்படியே கைவிட்டுவிட்டானாம். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு மாசக்கணக்கில் நின்றிருக்கிறது. சாப்பாடு இல்லை, தண்ணீர் இல்லை. படகு வந்த ஒரு நாள் பிரிட்டோ அதில் இறங்கிப் போய்விட்டான். கையில் பேப்பர் எதுவும் இல்லாமல் பிடிபட்டால் உள்ளே வைத்துவிடுவார்கள். யாரோ ஒருவர் ஊருக்குப் போய்த் திரும்பி வராமல் விட்ட அடையாள அட்டை அவனுக்குக் கிடைத்திருக்கிறது. அட்டையில் ஜெயினுலாப்தீன் என்று பெயர். அந்தப் பெயரிலேயே கட்டட வேலைக்குச் சேர்ந்து, கலந்தர் இருந்த அறைக்கு வந்திருக்கிறான்.

"சொந்தப் பேரச் சொல்லவே மாட்டான் அக்கா. தெரிஞ்சா உனக்கும் கஷ்டம்னுவான். ஊரும் சொன்னது இல்ல. போன் பண்ணினா கண்டுபிடிச்சிருவாங்கன்னு பயம். பொது மன்னிப்பு வரும், அப்ப சொல்லாம கொள்ளாம போய் வீட்டு வாசல்ல நிப்பேன்னு சொல்லுவான். இந்த கேம் கதையத்தான் சொல்லுவான். எங்க ரூம்ல டிவி கிடையாது. வேலை முடிஞ்சு வந்தா, இன்னைக்கு எத்தனாவது ஸ்டேஜ்னு நாங்க கேப்போம். அங்க செவரு, இங்க தண்ணி, அக்கா இந்தப் பக்கமா வாரான்னு கையக் காட்டிச் சொல்லுவான்."

"நீங்க அந்த கேம் ஆடியிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"பாத்தது கூட இல்ல அக்கா."

கோடைக்காலம். ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு லாரி நிழலில் படுத்தவன் எழுந்திரிக்கவில்லை. கப்பலிலிருந்து இறங்கி ஐந்தாறு மாசத்துக்குள்ளேயே. அவன் திரும்பி வர இங்கே நாங்கள் முதல் நவநாள் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்த சமயமாக இருக்கும்.

ஏன் 'நான்' என்று எழுதினீர்கள் என்று கேட்டேன். இதைக் கோபமாகத்தான் கேட்டேன்.

"அவன் அப்படித்தான் சொல்லுவான், நான் நான்னு. எனக்கும் அப்படியே வந்துருச்சு. நோன்பு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி உங்க ஃபோரத்த என் மருமகன் காட்டினான். இத்தனை பேரு கேம் பத்திப் பேசுறாங்க, அந்த அக்காவுக்கும் கேம் பைத்தியம், எங்கயாவது இருப்பாங்கன்னு எழுதிக்கிட்டே இருந்தேன். நீங்க 'எங்கல இருக்க'ன்னு கேட்டதும் போனைக் கவுத்து வச்சுட்டேன். அத எப்படி ஒரு மெசேஜ்ல சொல்லுவேன்?"

மார்ச் 22, சனி

அம்மாவிடம் சொன்னேன். அம்மா கீரை ஆய்ந்து முடித்தாள். முடித்துவிட்டுத்தான் அழுதாள்.

மார்ச் 23, ஞாயிறு

கலந்தர் பஸ்ஸில் வந்தார். ஒல்லியான மனிதர், தாடியில் நரை. ஃபாதர் அறையில் நாங்கள் ஐந்து பேர்: அம்மா, நான், விண்ணரசி, கலந்தர், ஃபாதர். வெயிலில் வந்திருக்கிறாரே என்று ஃபாதர் தண்ணீர் ஊற்றினார். நோன்பு என்றதும் குவளையை நகர்த்தி வைத்தார்.

கலந்தர் எல்லாவற்றையும் மறுபடியும் சொன்னார். அவருடைய பழைய போனில் ஒரு படம் இருந்தது. நாலு பேர் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஓரத்தில் பிரிட்டோ, கையைக் காற்றில் தூக்கி எதையோ காட்டிக்கொண்டு, வாயைத் திறந்தபடி. விண்ணரசி போனை வாங்கிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள்.

"மெலிஞ்சிட்டாவ" என்றாள். அவ்வளவுதான்.

கலந்தர் அம்மாவைப் பார்த்தார். "அம்மா, அட்டையில இருந்த பேரு அது. எங்க முறைப்படி ஓதித்தான் அடக்கினோம். அவன் வேதக்காரன்னு எங்க ரூமுக்கு மட்டும் தெரியும். வெளிய சொன்னா எல்லாரையும் பிடிப்பாங்க. எங்களுக்கு வேற வழி தெரியல. நீங்க மன்னிக்கணும்."

அம்மா முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, "குளிப்பாட்டினீயளா?" என்று கேட்டாள்.

"நான்தாம்மா குளிப்பாட்டினேன். நானும் இன்னொரு பையனும்."

"சுடுதண்ணியா?"

"ஆமா. வெதுவெதுன்னு."

அம்மா எட்டி அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். ஃபாதர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார்.

சாயங்காலம் கலந்தர் எங்கள் வீட்டில் நோன்பு திறந்தார். பேரீச்சம்பழமும் கஞ்சியும் அடுத்த தெருவிலிருந்து வாங்கி வந்தேன். அந்த கேமை ஒரு தடவை பார்க்கலாமா என்று தயங்கிக் கேட்டார். செருகிப் பார்த்தேன். புது டிவிக்கு அது பொருந்தவில்லை. ஊதியும் பார்த்தேன். வெறும் நீலத் திரை. "பரவாயில்ல அக்கா, எனக்குத் தெரியும்" என்றார்.

பஸ் ஏற்றிவிட்டு வரும் வழியில் விண்ணரசி கேட்டாள்.

"எப்பயிருந்து தெரியும் மைனி?"

"புதன்கிழமைதான் போன் வந்துச்சு."

"போன் எப்பன்னு கேக்கல."

கேம் பெட்டி வெளியே இருந்ததும், மெத்தை வெயிலில் கிடந்ததும் அவளுக்குத் தெரியும். ஐஸ் பிளான்ட் வந்ததும் அவள் எதிர்ப்பக்கம் கடந்து போய்விட்டாள்.

மார்ச் 26, புதன்

ஃபாதர் முன்னால் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். டியூட்டிக்கு முன்பே. கலந்தர் சொன்னதையும் எழுதி, கல்யாண அனுமதிக்காக ஆயர் இல்லத்துக்கு அனுப்புகிறார்.

விண்ணரசி வரவில்லை. அவள் அம்மாதான் வந்திருந்தாள்.

மார்ச் 31, திங்கள்

ஃபோரத்தில் எல்லாரும் ஒத்தை நண்டுக்குப் பெருநாள் வாழ்த்துச் சொல்லியிருந்தார்கள். ஜெபமாலை சொன்னவர் எப்படிப் பெருநாள் கொண்டாடுகிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. சேலம் சிவப்பு பிரியாணிப் படம் கேட்டார். வந்தது.

எனக்கும் தனியாக ஒரு படம் வந்தது. தன் தட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு தட்டு வைத்து எடுத்திருந்தார்.

ஏப்ரல் 3, வியாழன்

விண்ணரசி தன் தம்பி மூலம் சொல்லியனுப்பினாள். ஈஸ்டர் முடிந்து இரண்டாவது வாரம் கல்யாணம். அம்மாவும் நானும் வர வேண்டுமாம். அவளே வந்து சொல்லவில்லை. அம்மாவின் பட்டுப்புடவையை எடுத்துக் காற்றாடப் போட்டேன்.

ஏப்ரல் 5, சனி

இன்று பிரிட்டோவுக்கு இறந்தோர் பூசை.

நேற்று ஃபாதர் என்ன பெயர் வாசிக்க வேண்டுமென்று கேட்டார். சூசை பிரிட்டோ என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அம்மா குறுக்கே வந்தாள். "அந்த இன்னொரு பேரையும் வாசிக்கணும் சாமி."

அது வேறொருவர் பெயர், அவர் ஊரில் உயிரோடு நன்றாக இருக்கிறாராம் என்று நான் சொன்னேன். கலந்தர் விசாரித்திருக்கிறார். அந்த மனிதருக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள்.

"இருக்கட்டும். நல்லா இருக்கட்டும். அவனுக்கு அங்க தலைமாட்டுல எழுதியிருக்கது அந்தப் பேருதான. நம்ம வேற பேரு சொல்லிக் கூப்பிட்டா, யாரையோன்னு அவன் பாட்டுக்குப் படுத்துருப்பாம்லா."

ஃபாதர் கொஞ்சம் யோசித்தார். பூசையில் வாசிக்க முடியாது, ஆனால் வீட்டு ஜெபத்தில் நீங்கள் சொல்லிக்கொள்ளலாம் என்றார்.

காலையில் எழுந்து நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது அம்மாவின் சத்தம் கேட்டது. ஜெபம் என்று நினைத்தேன். ஜெபம் இல்லை. மாதா படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அந்தப் பெயரைச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள். சைனுலா என்றாள். நிறுத்தி, செயினு என்று ஆரம்பித்தாள். பல்லில்லாத இடத்தில் அந்த எழுத்து வழுக்கிக்கொண்டு போனது. நான் வாயைக் கொப்பளித்துவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தேன்.

ஜெ. யினு. லாப். தீன்.

முழுதாக வந்தபோது சத்தமாகத்தான் வந்தது. தெருவில் விளையாடும் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற சத்தம். கூப்பிட்டுவிட்டு அம்மா வாசலைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.